வேலைநாளும் ஆற்றுநாளும்

ஃப்ளை ஃபிஷிங் என்பது இறகு, முடி, நூல் ஆகியவற்றைத் தூண்டில் முள்ளின்மேல் கட்டிச் செய்த பொய்ப்பூச்சியை வீசி மீன் பிடிக்கும் முறை. ட்ரௌட், கிரேலிங், சால்மன் போன்ற குளிர்நீர் மீன்களை ஒட்டி வளர்ந்தது. இன்று கடல் மீன்களுக்கும் நம் ஊர் மகசீருக்கும்கூட இதைப் பயன்படுத்துகிறார்கள். மீனோடு மல்லுக்கட்டும் நேரம் இதில் மிகக் குறைவு. பூச்சி கட்டுவது, முடிச்சுப் பழகுவது, நீரைப் பார்த்து நிற்பது என்று மற்றதெல்லாம் அதிகம். இந்த அறிவை வளர்த்தவர்களில் பலரும் ஆற்றங்கரையிலேயே வாழ்ந்தவர்கள் அல்லர். துணி வியாபாரி, வழக்கறிஞர், வெளியுறவு அமைச்சர் என்று வேறு வேலை பார்த்தவர்கள். வேலை போக மிஞ்சிய நேரத்தில் உருவான கலை என்பதால், அதன் பெரும்பகுதி ஆற்றுக்கு வெளியே, அன்றாட வாழ்க்கைக்குள்தான் நடக்கிறது.

வீச்சு

மண்புழுவைக் கோத்துத் தக்கையைப் பார்த்தபடி உட்காரும் தூண்டிலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எடையில் தொடங்குகிறது. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டோ இரையோ கனமாக இருக்கும். அது பறந்து போக, நரம்பு அதன் பின்னால் இழுபட்டுச் செல்லும். பொய்ப்பூச்சிக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளும் எடை கிடையாது. எவ்வளவு வேகமாக எறிந்தாலும் காலடியிலேயே விழும். ஆகவே கனத்தைத் தூண்டில் கயிற்றுக்கு, அதாவது லைனுக்கு, கொடுத்துவிட்டார்கள். ட்ரௌட்டுக்குப் பரவலாகப் பயன்படும் ஐந்தாம் எண் லைனில் முதல் 30 அடியின் எடை 140 கிரெயின், ஏறக்குறைய 9 கிராம். 9 அடி நீளமுள்ள மெல்லிய கோல் வளைந்து நிமிரும்போது அந்த லைன் காற்றில் வளையமாக உருண்டு போய் முன்னால் நீளும். லைனின் முனையிலிருந்து வரவரச் சன்னமாகும் கண்ணாடி போன்ற நரம்பு உண்டு. அதற்கு லீடர் என்று பெயர். பூச்சி அதன் நுனியில் கட்டப்படுகிறது.

வீசும் முறையில் பாதி வேலை முதுகுக்குப் பின்னால் நடக்கிறது. கோலைப் பின்னோக்கி எடுத்து, லைன் பின்னால் முழுதும் நீளும்வரை கையை நிறுத்தி, அதற்குப் பிறகே முன்னோக்கி வீச வேண்டும். புதிதாகப் பழகுபவர் அந்த நிறுத்தத்தைத்தான் விட்டுவிடுகிறார். லைன் நீளாமல் தொய்ந்து விழும். அதைச் சரிசெய்ய அவர் பலத்தைக் கூட்டுவார், இன்னும் மோசமாகும். தோள்வலிமை இதில் இரண்டாம்பட்சம் என்பதற்கு அமெரிக்காவின் ஜோன் வுல்ஃப் நல்ல சாட்சி. நடனம் கற்றுக்கொடுத்துவந்த அவர் ஆண்களோடு போட்டியிட்டு வென்றவர். 1960இல் 161 அடி தூரம் வீசினார். உடலின் எடையை எந்தக் கணத்தில் மாற்றுவது, எந்தக் கணத்தில் நிறுத்துவது என்பதே வீச்சு. அதைப் பழக ஆறு தேவையில்லை. வீட்டுக்கு எதிரே புல்தரை இருந்தால் போதும். முள்ளுக்குப் பதில் ஒரு துண்டுக் கம்பளிநூலைக் கட்டிக்கொண்டு மாலையில் பத்து நிமிடம் வீசிப் பார்க்கலாம்.

பூச்சியின் காலம்

பொய்ப்பூச்சி எதைப் போலிருக்க வேண்டும் என்பதை ஆற்றில் வாழும் மெய்ப்பூச்சி முடிவு செய்கிறது. இதில் முதலிடம் மேஃபிளைக்கு. முட்டையிலிருந்து வெளிவந்த அது நிம்ஃப் என்னும் இளம்பருவத்தில் கல்லடியிலோ சேற்றிலோ ஓராண்டு, சில இனங்களில் இரண்டாண்டு வரை நீருக்குள் வாழ்கிறது. பருவம் வந்ததும் மேலே நீந்திவந்து, நீர்ப்பரப்பில் தோலை உரித்து, இறக்கையோடு வெளிவருகிறது. கரையிலுள்ள செடியில் ஒதுங்கி மறுபடி ஒருமுறை தோல் உரிக்கிறது. இறக்கை முளைத்த பிறகும் தோல் உரிக்கும் பூச்சியினம் இது ஒன்றே. வளர்ந்த பூச்சிக்கு உண்ண வாய் இல்லை. ஓரிரு நாளுக்குள் இணைசேர்ந்து, முட்டையிட்டு, நீரில் விழுந்து இறந்துவிடும்.

இந்த ஒவ்வொரு கட்டத்திலும் மீன் அதைத் தின்கிறது. அடியில் ஊரும் நிம்ஃபை, மேலே எழும் நிம்ஃபை, பரப்பில் இறக்கை உலர்த்தும் பூச்சியை, இறந்து மிதப்பதை. நிறையப் பூச்சிகள் ஒரே வேளையில் மேலெழும்போது ட்ரௌட் அந்த ஒன்றையே தேர்ந்து தின்னும். பக்கத்தில் வேறு எது மிதந்தாலும் திரும்பிப் பார்க்காது. அந்த நேரத்தில் பெட்டியில் உள்ள அழகான பூச்சியால் பயனில்லை. எந்த இனம், எந்தக் கட்டம், என்ன அளவு என்று பார்த்தவருக்குத்தான் மீன் கிடைக்கும். தென் இங்கிலாந்தில் மே மாதக் கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் பெரிய மேஃபிளை திரளாக எழும்போது மட்டும் மீன்கள் எச்சரிக்கையை மறக்கின்றன. கைதேறாதவர்களும் பிடித்துவிடலாம் என்பதால் அந்த இரண்டு வாரத்தைக் கத்துக்குட்டிகளின் காலம் என்று கேலியாகச் சொல்வது அங்கே வழக்கம்.

மீனின் பார்வை

ட்ரௌட் நீரோட்டத்தை எதிர்த்து, ஓட்டம் வரும் திசையில் தலையை வைத்து நிற்கும். ஓட்டம் உணவைக் கொண்டுவரும். மீன் ஆற்றலைச் செலவிடாமல் வாயைத் திறந்தால் போதும். பாறைக்குப் பின்னாலுள்ள அமைதியான நீர், வேகமான ஓட்டமும் மெதுவான ஓட்டமும் உரசும் கோடு, கரையோர வேருக்கடியில் உள்ள குடைவு ஆகியவை அது நிற்க விரும்பும் இடங்கள். ஆற்றைப் படிக்கத் தெரிந்தவர் முதலில் இவற்றைத் தேடுவார்.

நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் கண்ணுக்கு வெளியுலகம் முழுவதும் ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கித் தெரிகிறது. ஒளி நீரில் நுழையும்போது வளைவதால், ஏறக்குறைய 97 பாகை விரிந்த கூம்பு வழியாகவே வெளிக்காட்சி உள்ளே வருகிறது. சாளரத்தின் குறுக்களவு மீன் நிற்கும் ஆழத்தைப்போல் இரண்டேகால் மடங்கு. ஓரடி ஆழத்தில் நிற்கும் மீனுக்குத் தலைக்குமேல் இரண்டேகால் அடி அகலமுள்ள வட்டம். அதற்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் அடிப்பகுதியையே திருப்பிக் காட்டும். தாழ்வான கோணத்தில் இருப்பவை சாளரத்தின் விளிம்பில் நசுங்கி, மங்கலாகவே தெரியும். மீனுக்குப் பின்புறமிருந்து, குனிந்து, மெல்ல நெருங்க வேண்டும் என்ற பழைய அறிவுரைக்குக் காரணம் இதுதான்.

பூச்சி சரியான இடத்தில் விழுந்தாலும் வேலை முடிவதில்லை. பூச்சி மிதக்கும் ஓட்டமும் லைன் கிடக்கும் ஓட்டமும் வெவ்வேறு வேகத்தில் போனால், லைன் பூச்சியை இழுக்கும். நீரின் போக்குக்கு மாறாகப் பூச்சி சற்றே சறுக்கினாலும் மீன் ஒதுங்கிவிடும். விழுந்த லைனை மேலோட்டத்தின் பக்கமாகத் தூக்கி வளைத்துப் போட்டு, பூச்சிக்குச் சில நொடி விடுதலை கொடுப்பது இதற்கு மாற்று. திறமை என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு இந்தச் சில நொடிகளைச் சம்பாதிப்பதே.

கடையும் அலுவலகமும் தந்தவர்கள்

கி.பி. 200 வாக்கில் எழுதிய ரோமானியர் ஏலியன், மாசிடோனியாவின் அஸ்ட்ரேயஸ் ஆற்றில் முள்ளின்மேல் சிவப்புக் கம்பளிநூலும் சேவல் இறகும் கட்டி மீன் பிடித்ததைக் குறிப்பிட்டிருக்கிறார். இங்கிலாந்தில் 1496இல் அச்சான தூண்டில் நூல் ஒன்று, மாதவாரியாகப் பன்னிரண்டு பூச்சிகளைக் கட்டும் முறையைத் தருகிறது. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற துறவினி எழுதியதாக அது சொல்லப்பட்டுவருகிறது. 1653இல் வந்த ‘தி கம்ப்ளீட் ஆங்க்ளர்’ நூலின் ஆசிரியர் ஐசக் வால்டன் லண்டனில் துணிவணிகம் செய்தவர். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போருக்குப் பின் வந்த அந்த நூலில் தூண்டிலோடு நட்பு, பாட்டு, சாப்பாடு எல்லாம் உண்டு. பூச்சித் தூண்டிலில் வால்டன் வல்லவர் அல்லர். அந்தப் பகுதியை 1676ஆம் ஆண்டுப் பதிப்புக்காக நண்பர் சார்ல்ஸ் காட்டன் எழுதிச் சேர்த்தார். டவ் ஆற்றங்கரையில் அவர் 1674இல் கட்டிய சிறு மீன்பிடி வீடு இன்றும் நிற்கிறது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கதை தென் இங்கிலாந்தின் சுண்ணாம்பு ஓடைகளுக்கு நகர்கிறது. மழைநீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி ஊற்றாக வெளிவருவதால் டெஸ்ட், இட்சென் போன்ற ஆறுகள் தெளிவாகவும், ஆண்டு முழுதும் பெரிதும் மாறாத குளிர்ச்சியோடும் ஓடுகின்றன. மீன் பூச்சியைத் தின்பதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். ஃபிரெடரிக் ஹால்ஃபோர்ட் 1886இலும் 1889இலும் வெளியிட்ட நூல்களில், மேற்பரப்பில் மிதக்கும் உலர்ந்த பூச்சியை, எழுந்து தின்னும் மீனுக்கு மட்டுமே வீச வேண்டும் என்ற முறையை வகுத்தார். அவரைப் பின்பற்றியவர்கள் அதை ஒழுக்கச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள்.

அதை எதிர்த்தவர் ஜி. இ. எம். ஸ்க்யூஸ், லண்டன் வழக்கறிஞர். வார நாளெல்லாம் அலுவலகம், விடுமுறையில் இட்சென் என்று பல பத்தாண்டு வாழ்ந்தவர். பிடித்த மீனின் இரைப்பைக்குள் நீண்ட கரண்டியைச் செலுத்தி, உள்ளே இருப்பதை வெள்ளைத் தட்டில் நீர்விட்டுப் பிரித்துப் பார்ப்பது அவர் வழக்கம். மிதக்கும் பூச்சியைவிட நீருக்குள்ளிருந்த நிம்ஃப்கள் அதிகம் இருந்தன. மீன் பெரும்பாலும் நீருக்கடியில் தின்கிறது என்றால் அடியில் வீசுவதில் என்ன தவறு என்று அவர் 1910இல் நூலெழுதிக் கேட்டார். வாதம் ஓயவில்லை, 1938இல் லண்டனின் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் இது குறித்துப் பெரிய விவாதமே நடந்தது. ஸ்க்யூஸ் அப்போது எண்பது வயதை நெருங்கியிருந்தார். ஹால்ஃபோர்டின் விதிக்கு எதிராக அவரிடம் இருந்தது வழக்கறிஞரின் சாட்சியம்தான்: தட்டில் கிடந்த பூச்சிகள்.

இந்த வாதத்தைக் கைவேலையால் முடித்துவைத்தவர் ஃப்ராங்க் சாயர், வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றைப் பராமரித்த காவலர். ஃபெசன்ட் பறவையின் வால் இறகுச் சில இழைகளையும் மெல்லிய செப்புக்கம்பியையும் மட்டும் கொண்டு அவர் ஒரு நிம்ஃபைக் கட்டினார். நூல்கூட இல்லை, கம்பியே கட்டும் நூலாகவும் அமிழ்த்தும் எடையாகவும் இருந்தது. நாள்தோறும் களை வெட்டி, கரை சீர்செய்து, மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு எதைத் தவிர்க்கலாம் என்று தெரிந்திருந்தது. இன்று உலகெங்கும் பூச்சிப்பெட்டிகளில் அது இருக்கிறது.

சனிக்கிழமை ரயில்

வேலையும் ஆறும் ஒரே வாழ்க்கைக்குள் எப்படி இழுபறி செய்தன என்பதற்கு எட்வர்டு கிரேயின் வாழ்க்கை நல்ல எடுத்துக்காட்டு. 1905 டிசம்பர் முதல் 1916 டிசம்பர் வரை பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர். அந்தப் பதவியில் இடைவெளியின்றி அவ்வளவு காலம் இருந்தவர் வேறு எவரும் இல்லை. அமைச்சராவதற்கு முன்பே, 1899இல், இந்தக் கலை பற்றி நூலொன்று எழுதினார். கோடையில் லண்டனின் வெக்கையில் அடைபட்ட ஒருவர் சனிக்கிழமை அதிகாலை ரயிலைப் பிடித்து ஆற்றுக்குப் போய்ச் சேர்வதை அதில் விவரித்தது அவருடைய சொந்த வழக்கமே. இட்சென் ஆற்றங்கரையில் அவரும் மனைவி டோரதியும் சிறிய குடிசை வீடொன்றை வைத்திருந்தார்கள். பறவை, பூ, வானிலை பற்றி அங்கே இருவரும் குறிப்பேடு எழுதினார்கள். அதில் அரசியலுக்கு இடமில்லை. 1906இல் டோரதி குதிரைவண்டி விபத்தில் இறந்தார். பின்னர் கிரேயின் பார்வையும் மங்கிவந்தது; நீரில் மிதக்கும் சிறு பூச்சி கண்ணுக்குத் தெரியாமற்போக, பார்க்காமல் கையுணர்வாலேயே பிடிக்கக்கூடிய சால்மன் பக்கம் போனார்.

அமெரிக்காவில் இந்தக் கலையை வெகுமக்களிடம் கொண்டுசேர்த்த நூல், மொன்டானாவின் பிளாக்ஃபுட் ஆற்றை மையமாகக் கொண்ட ‘எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்’. அதை எழுதிய நார்மன் மக்லீன் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர். ஓய்வுபெற்றபின் எழுதிய நூல் 1976இல் வெளிவந்தபோது அவருக்கு எழுபது வயது கடந்திருந்தது. பாதிரியாரான தந்தை, அண்ணன், அழிவை நோக்கிப் போகும் தம்பி ஆகியோருக்கிடையே பேச முடியாதவற்றுக்குப் பதிலாக அதில் மீன்பிடிப்பு நிற்கிறது. 1992இல் ராபர்ட் ரெட்ஃபோர்டு அதைப் படமாக்கினார்.

மேசையில் நடக்கும் பாதி

பூச்சி கட்டுவதற்கு வேண்டியவை சிறு பிடிகருவி, கூர்மையான கத்தரி, நூற்கண்டைத் தாங்கும் சிறு குழல், விளக்கு. சேவலின் கழுத்து இறகை முள்ளைச் சுற்றிச் சுற்றினால் அதன் இழைகள் நான்கு பக்கமும் விரிந்து, பூச்சியின் கால்களாக நீர்ப்பரப்பில் நிற்கும். முயலின் காது மயிர், மயிற்பீலியின் இழை, வாத்தின் வாலடி இறகு ஆகியவையும் பயன்படும். முள்ளின் எண் கூடக்கூட அளவு சிறுக்கும். பதினெட்டாம் எண் பூச்சி விரல்நகத்தின் மேல் எளிதாக அடங்கும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பல ட்ரௌட் ஆறுகள் குளிர்காலத்தில் மூடப்படும் அல்லது உறையும். அந்த மாதங்களின் இரவுகள் மேசைக்கு உரியவை. மூன்று மாதம் கழித்து எழப்போகும் பூச்சிக்காக அப்போதே கட்டி வைக்கிறார்கள்.

இதையே வாழ்க்கையாக்கிக்கொண்டவர் ஸ்காட்லாந்தின் மேகன் பாய்ட். வடகடலோரச் சிற்றூரில், வெகுகாலம் மின்சாரம் இல்லாத வீட்டின் தோட்டக் கொட்டகையில் உட்கார்ந்து, ஜன்னல் வெளிச்சத்தில் சால்மன் பூச்சிகளைக் கட்டினார். உலகெங்கிலுமிருந்து ஆர்டர்கள் வந்தன. 1971இல் பிரிட்டிஷ் எம்பயர் பதக்கம் அறிவிக்கப்பட்டபோது, அன்றைக்கு நாயைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று சொல்லி லண்டன் விழாவுக்குப் போகவில்லை. அவர் மீன் பிடித்ததும் இல்லை. சால்மனைக் கொல்ல மனம் வரவில்லை என்றார்.

மேசையும் வீச்சும் மருத்துவத்துக்கும் துணையாகியிருக்கின்றன. அமெரிக்காவின் வெர்மான்டில் 1996இல் தொடங்கிய காஸ்டிங் ஃபார் ரிகவரி, மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற பெண்களுக்கு இதைக் கற்றுத்தருகிறது. வீச்சின் அசைவு, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இறுகிப்போன தோளுக்கு மென்மையான பயிற்சியாகிறது. காயம்பட்ட ராணுவத்தினருக்காக 2005இல் வாஷிங்டனின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் ப்ராஜெக்ட் ஹீலிங் வாட்டர்ஸ் தொடங்கியது.

யாருடைய ஆறு

ஆற்றுக்குப் போக நேரம் கிடைத்தாலும் அனுமதி கிடைக்க வேண்டும். இங்கிலாந்தில் ஆற்றில் மீன் பிடிக்கும் உரிமை பெரும்பாலும் கரையின் உரிமையாளருக்கு உரியது. புகழ்பெற்ற சுண்ணாம்பு ஓடையில் ஒரு நாளைக்கான கட்டணம் சாதாரணச் சம்பளக்காரருக்கு எட்டாது. மொன்டானாவில் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொது வழியாக உள்ளே இறங்கிவிட்டால், வழக்கமான வெள்ளக் கோட்டுக்குள் எவரும் ஆற்றில் நடக்கலாம், மீன் பிடிக்கலாம். இரு கரையும் தனியார் நிலமாக இருந்தாலும் தடையில்லை. ஜப்பானின் மலையோடைகளில் வளர்ந்த டெங்காரா முறை செலவையே குறைத்துவிடுகிறது. லைனைச் சுற்றிவைக்கும் ரீல் கிடையாது, நீண்ட கோலின் நுனியிலேயே நரம்பு கட்டப்படும். மலையில் மீன் பிடித்து வாழ்ந்தவர்களின் கருவி அது.

நகரத்து ஆறும் திரும்பி வரலாம். ஹால்ஃபோர்ட் பழகிய ஆறுகளில் ஒன்று தெற்கு லண்டனின் வாண்டில். ஆலைக்கழிவால் கெட்டு, 1960களில் சாக்கடை என்று அறிவிக்கப்படும் நிலைக்கு வந்தது. துப்புரவுக்குப் பின் அங்கே மறுபடி ட்ரௌட் வாழ்கிறது.

நீலகிரிக்கு வந்த மீன்

இயல்பாகத் தென்கோளத்திலோ தென்னிந்தியாவிலோ ட்ரௌட் இல்லை. வெள்ளைக்காரர்கள் போன இடமெல்லாம் அதைக் கொண்டுபோனார்கள். 1864இல் நார்ஃபோக் என்ற கப்பலில் பனிக்கட்டிக்கு நடுவே பாசியில் பொதிந்த முட்டைகள் மெல்போர்ன் வழியாகத் தாஸ்மேனியா சேர்ந்து பொரித்தன. அதே பத்தாண்டில் நீலகிரிக்கு முட்டை கொண்டுவர, பின்னாளில் இந்திய மீன்கள் பற்றிப் பெருநூல் எழுதிய ஃபிரான்சிஸ் டே முயன்றார். வெப்பமண்டலப் பயணத்தை முட்டைகள் தாங்கவில்லை. 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சனின் உழைப்பில் அவலாஞ்சியில் 1907இல் குஞ்சு பொரிப்பகம் அமைய, ரெயின்போ ட்ரௌட் நிலைத்தது. மூணாறு, இலங்கையின் நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி ஆகியவற்றுக்கும் இதே போன்ற வரலாறு உண்டு. இதற்கு விலையும் உண்டு: நியூசிலாந்தில், புதிதாக வந்த ட்ரௌட் அங்குள்ள சிறு நாட்டுமீன்களைத் தின்றும் விரட்டியும் பல ஓடைகளில் அருகச் செய்துவிட்டது.

பிடித்தபின் விடுவது

பிடித்த மீனைத் திரும்ப விடும் பழக்கம் பரவியதில் ஜோன் வுல்ஃபின் கணவர் லீ வுல்ஃபுக்குப் பெரும்பங்கு உண்டு. நல்ல மீன் ஒரே முறை பிடிபட்டுப் போகக்கூடாத அளவுக்கு மதிப்புள்ளது என்று 1930களின் கடைசியிலேயே எழுதினார். விடுவதற்கும் முறை இருக்கிறது. முள்ளின் எதிர்க்கொக்கியை நசுக்கிவிட வேண்டும். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பான காப்புப்படலத்தை உரித்துவிடும் என்பதால் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். நீருக்கு வெளியே வைத்துப் படம் எடுக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும்.

நீரின் வெப்பம் எல்லாவற்றுக்கும் மேல். வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் குறைவு. அதில் போராடிக் களைத்த ட்ரௌட் நீந்திப் போவதுபோல் போய்ப் பிறகு செத்துவிடும். 20 டிகிரி செல்சியஸை நெருங்கினால் லைனைச் சுருட்டிவிடுவது பொறுப்பானவர்களின் வழக்கம். மொன்டானாவில் நீர் மூன்று நாள் தொடர்ந்து 73 ஃபாரன்ஹீட்டை, ஏறக்குறைய 23 செல்சியஸை எட்டினால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்க அரசு தடை விதிக்கலாம். கோடை நீள நீள இந்தத் தடையும் அடிக்கடி வருகிறது. வேலை முடிந்து மாலையில் ஆற்றுக்குப் போய்ப் பழகியவர்கள், இப்போது விடியலில் இரண்டு மணி நேரம் வீசிவிட்டு அலுவலகம் போகிறார்கள்.